முடிக்காமல் வைத்த பேச்சு

எங்கள் வேலையில் எனக்கு அறவே பிடிக்காத ஒரு வார்த்தை "சர்வர் ஸ்லோ." எது நகராவிட்டாலும் இதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அன்று சிறுசேரி ஆபீசில் எங்கள் டீம் லீடும் அதைத்தான் சொன்னார். மாமல்லபுரம் ஓட்டல்களில் அறை பதிவு செய்யும் வலைத்தளம் எங்கள் பொறுப்பு. நீண்ட விடுமுறை வரப்போகிறது, ஊரே அறை தேடுகிறது, திரையிலோ சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"டேட்டாபேஸுக்கு இன்னும் கொஞ்சம் கனெக்‌ஷன் குடுத்துடலாம்," என்றார்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். இருந்த கனெக்‌ஷன் எல்லாம் எதற்கோ காத்திருந்தன. எது எதற்காக நிற்கிறது என்று துரத்திக்கொண்டே போனால், வரிசையின் தலையில் ஒரே ஒரு கனெக்‌ஷன். அது மட்டும் எதற்கும் காத்திருக்கவில்லை, எதுவும் செய்யவும் இல்லை. ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து, ஓர் ஓட்டலின் அறைக் கணக்கை வேறு யாரும் தொட முடியாதபடி பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது. புதிதாக எழுதப்பட்ட நிரல் அறையைப் பிடித்ததும் ஓட்டலுக்குத் தகவல் அனுப்பும். பதில் வரும்வரை டிரான்ஸாக்‌ஷனை மூடாது. ஓட்டலில் யாரும் பதில் போடவில்லை. முடிந்தது என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் அது உட்கார்ந்திருக்க, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். இன்னும் எத்தனை கனெக்‌ஷன் கொடுத்தாலும் அவையும் அதே வரிசையில் போய்த்தான் நிற்கும்.

அதை வெட்டிவிட்டதும் மற்றவை மளமளவென்று நகர்ந்தன. ஓட்டல்காரரின் பதிலுக்குக் காத்திருப்பதை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுத்து வைத்தேன். இனி எதையாவது திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், கொஞ்ச நேரத்தில் டேட்டாபேஸே ரத்து செய்துவிடும்படி கெடுவும் வைத்தேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டிலும் மாசக்கணக்காக இதே கதை. செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஓரிடம் பேச்சில் இருக்கும்போது இன்னோரிடம் பார்ப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அப்பாவைக் கேட்டால், "பேசிகினு கீறோம்மா," என்பார். எனக்குப் பின்னால் தங்கை. அவளும் கடப்பாக்கத்துப் பையன் ஒருவனும் விரும்பினார்கள், இரண்டு வீட்டிலும் சம்மதம். அவனுக்குத் துபாயில் வேலை, லீவு முடியப் போகிறது. மூத்தவளுக்கு முடிவாகாமல் இளையவளுக்குச் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவையும் கல்யாணமில்லாமல் அவன் திரும்பிப் போனால் அவன் வீட்டில் வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று அவள் சரியாகச் சாப்பிடுவதையே விட்டிருந்தாள். செங்கல்பட்டுக்காரர்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மாப்பிள்ளையோடு பேசிய கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்துப் போயிருந்ததால் கோபம் இரட்டிப்பு.

வேண்டாமென்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! ஆபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, பெண் வீட்டில் யாரும் செய்யாத காரியமாக, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே போன் போட்டேன்.

"இன்னாம்மா சொல்ற? நாங்க எப்பவோ சரின்னுட்டோம்," என்றார் அவர். "உங்க அப்பாதான் எங்க வூட்டைப் பாத்துட்டு, போய்ச் சொல்லியனுப்புறேன்னு போனாரு. நாங்க இன்னும் காத்துகினு கீறோம். வேற எடம் கூட பாக்கல."

அப்பா ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். நானும் அதில்தான் வீடு திரும்புவேன், அவர் பக்கத்து சீட்டில். அன்று சாயங்காலம் கேளம்பாக்கத்தில் கடைசி ஆள் இறங்கியதும் கேட்டேன்.

"அவங்க சரின்னுட்டாங்களாமே. நீ ஏன்பா சொல்லல?"

அப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

"அந்தப் பையன்கிட்ட ஒரு கொறையும் இல்ல. சரின்னு சொல்லலாம்னுதான் டெய்லி போனை எடுப்பேன். உங்கம்மா போனப்புறம் அந்த வூட்டுக்கு நான் திரும்பி வரதே உங்க ரெண்டு பேருக்காகத்தான். ஒனக்குச் சரின்னா அடுத்து அவளும் போயிடுவா. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வெச்சிடுவேன்."

வாய் நிறையத் திட்டு வைத்திருந்தேன். காலையில் ஒரே கட்டளையில் வரிசையின் தலையை வெட்டியவளுக்கு, இப்போது அழுகைதான் வந்தது.

"தங்கச்சி சாப்டாம கீறாப்பா. இன்னிக்கே சொல்லிடு."

"நீ இன்னா சொல்ற?" என்றார்.

இத்தனை மாசத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது.

"எனக்குப் புடிச்சிருக்குப்பா."

அங்கேயே போனை எடுத்து, "எங்களுக்குச் சம்மதங்க," என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்தார். வண்டியைக் கிளப்பப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா போயிடாதீங்கம்மா. ஒருத்தி போவட்டும், நான் கொஞ்சம் பழகிக்கிறேன். அப்புறம் இன்னொருத்தி போங்க."

"அவ மொதல்ல போவட்டும்பா. நான் இருக்கேன். செங்கல்பட்டுல கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லி நானே பேசிக்கிறேன்," என்றேன்.

மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.