பன்னிரண்டாவது படிவம்

ஊடகத் துறையின் கேமரா அறைக்குப் பொறுப்பாளர் அவர். பதினெட்டு வருடமாக அதே மேசை, அதே சாவிக்கொத்து. மாணவர்கள் கேமரா கேட்டு வந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். திரும்பி வந்தால் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீறல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார். சம்பளம் இந்த வேலைக்குத்தான். ஆனால் துறையின் மானத்தைக் காப்பாற்றுவது அவருடைய இன்னொரு வேலை. அதற்குப் பதவியும் கிடையாது, சம்பளமும் கிடையாது, ஒரு பட்டப்பெயர் மட்டும் உண்டு. மாணவர்கள் அவரை ‘ஆடியன்ஸ் அண்ணன்’ என்பார்கள்.

இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். படத்துக்கு எழுபது மதிப்பெண். மீதி முப்பது, ‘பார்வையாளர் பிரதிநிதித்துவமும் விநியோகமும்’ என்ற நீளமான தலைப்புக்கு. படம் யாரைப் பற்றியது, அவர்களை உள்ளது உள்ளபடி காட்டியிருக்கிறதா, அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து அந்த முப்பதைப் போட வேண்டும். இருநூறு பேரிடமாவது படத்தைக் காட்டி, ஆளுக்கொரு கருத்துப் படிவம் வாங்கிவர வேண்டும். முப்பதில் பதினைந்து வராவிட்டால் இன்னொரு வருடம் அதே பெஞ்சைத் தேய்க்க வேண்டியதுதான். இந்த விதியை எழுதிய கமிட்டிக்கு மக்கள்மீது கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே எழுதி முடித்துவிட்டார்கள்.

வெயிலில் அலைய வேண்டியவர்கள் மாணவர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடமே ஒரு மாணவன் படிவக் கட்டோடு வந்து நின்றான். “அண்ணே, நாளைக்குக் கடைசி நாள். ஒரு பத்து பேரா மட்டும் நீங்க இருந்துடுங்களேன்” என்று கெஞ்சினான். இவருக்கு இளகிய மனசு. பத்துப் பேராக இருந்தார். அடுத்த வாரம் விஷயம் கேள்விப்பட்டு வந்த இன்னொருத்திக்கு ஐம்பது பேராக இருந்தார். மூன்றாம் வருடத்துக்குள் ஊர் மொத்தமும் அவர் ஒருவரே என்றாகிவிட்டது.

ஒப்புக்குச் செய்கிறவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு நிறத்தில் பேனா வைத்திருந்தார். ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. ஓய்வுபெற்றவர் என்றால் எழுத்தைக் கொஞ்சம் நடுங்க விடுவார். கல்லூரி மாணவி, வயது பத்தொன்பது என்றால் ‘செம’ என்று ஒரே வார்த்தை. ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது அறுபத்தேழு என்றால், ‘இன்றைய தலைமுறை அவசியம் பார்க்க வேண்டிய படம்’. எல்லோரும் புகழ்ந்தால் சந்தேகம் வரும் என்று இருபது பேருக்கு ஒருவரை மட்டும் ‘இசை சற்றே அதிகம்’ என்று முணுமுணுக்க விடுவார். ஒரு வருடம் மீனவர்களைப் பற்றிய படத்துக்கு எழுபது மீனவர்களாக இருந்தார். கடலை அவர் வாழ்க்கையில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார், இரண்டு முறையும் பேருந்து ஜன்னல் வழியாக.

படங்களைப் பார்த்தாரா என்றால், அதுதான் இல்லை. இருநூறு பேருடைய கருத்தை எழுதுகிற மனிதருக்குப் படம் பார்க்க நேரம் எங்கே இருக்கும்? யாரும் கேட்டதும் இல்லை.

விநியோகமும் அவர் கையில்தான் இருந்தது. அறிக்கைகளில் ‘உலகெங்கும் பன்னிரண்டாயிரம் பார்வைகள்’ என்று வரைபடத்தோடு, வண்ணக் கோடுகளோடு போட்டிருக்கும். நிஜத்தில் படம் போகிற தூரம் நாற்பது அடி. மாணவர் கையிலிருந்து தேர்வாளர் மேசைக்கு, அங்கிருந்து கேமரா அறையின் இரும்பு அலமாரிக்கு. இரண்டாவது தட்டில் பதினெட்டு வருடத்துப் படங்கள் சின்னச் சின்ன உறைகளில் நிம்மதியாகத் தூங்கின. சாவி இவர் இடுப்பில்.

வீட்டிலே நிலைமை வேறு. மனைவி ஒரு தையல் ஆலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வருகிற சட்டையை விரித்து, விலகிய தையல், விட்டுப்போன பொத்தான், அழுக்கு என்று எங்கே என்ன குறை இருக்கிறதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை. குறை கண்டுபிடித்தே பிழைக்கிற மனைவி, குறையே காணாமல் பேர் வாங்கிய கணவன். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. மகள் அம்மா ஜாதி. ஊழியர் பிள்ளைக்கான சலுகையில் அதே துறையில் சேர்ந்து, இப்போது இறுதியாண்டுக்கு வந்திருந்தாள். படத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அம்மாவின் செக்கிங் பிரிவு.

இவருக்கு ஒரே குஷி. ஊருக்கெல்லாம் ஆடியன்ஸாக இருந்தவர் பெற்ற மகளுக்கு இருக்க மாட்டாரா? நல்ல காகிதமாகப் பார்த்துப் படிவங்களை எடுத்து வைத்தார். புதுப் பேனாகூட வாங்கினார்.

“வேணாம்ப்பா. நானே போய் வாங்கிக்கிறேன்” என்றாள் மகள்.

“எங்கேம்மா போவே?”

“அம்மா ஆலைக்குத்தான். படம் அவங்களைப் பத்தி. அவங்கதானே பாக்கணும்?”

இவ்வளவு எளிமையான யோசனை பதினெட்டு வருடத்தில் ஒருவருக்கும் வந்ததில்லை. அவருக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில், ஆலை கேண்டீன் சுவரில் படத்தைப் போட்டாள். பதினொரு பெண்கள் பார்த்தார்கள். படத்தில் ஒரு சோகமான வயலின் இருந்தது, குனிந்த தலைகள் இருந்தன, ஜன்னலில் மழைத்துளி இருந்தது. பார்த்து முடித்ததும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். “யாரு செத்துப் போனா? எதுக்கு இந்த ஒப்பாரி?” என்றாள் ஒருத்தி. “எங்க மேசையில சிரிக்காத நேரம் உண்டா? அதுல ஒண்ணையும் காணோமே!” என்றாள் இன்னொருத்தி. அம்மா தன் பங்குக்கு, ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து மகளின் மடிக்கணினி மீதே ஒட்டிவிட்டாள்.

மகள் முகம் தொங்கிப் போய்த் திரும்பினாள். ஆனால் விடவில்லை. வயலினைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுபடி ஒரு வாரம் அங்கேயே பழியாய்க் கிடந்து, அவர்கள் சிரிப்பதையும் வம்பளப்பதையும் எடுத்துச் சேர்த்து, அதே பதினொரு பேருக்கு மறுபடி போட்டுக் காட்டினாள். இந்த முறை சத்தம் சரியில்லை என்றார்கள், ஒருத்தி தன் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்றாள், ஆனால் “இப்பதான் நாங்க மாதிரி இருக்கு” என்றார்கள். இரண்டு பேர் தங்கள் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஆக, படிவங்கள் பதினொன்று. சிலவற்றில் எண்ணெய்க் கறை, எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு குறை.

அப்பா அவற்றைப் புரட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பதினொண்ணா? அதுலயும் மூக்கு பெருசுன்னு எழுதியிருக்கு! இதை வெச்சுக்கிட்டு யார் பாஸ் போடுவா?”

“இருக்கிறதுதானே இருக்கும்ப்பா.”

“மத்தவங்க எல்லாம் இருநூறு, முந்நூறுன்னு கட்டிக் கொண்டு வருவாங்க. நீ மட்டும் இன்னொரு வருஷம் உக்காரப் போறியா?”

“உக்காருறேன்” என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போய்விட்டாள். பெற்ற மனசு அடித்துக்கொண்டது. மகளின் பிடிவாதத்தால் ஒரு வருடம் பாழாவதை அவரால் தாங்க முடியவில்லை. மற்ற பிள்ளைகளுக்காக ஊராக இருந்தவர் இவளுக்காகச் சும்மா இருப்பதாவது!

எல்லாருடைய கோப்புகளும் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே கேமரா அறை அலமாரிக்கு வந்துவிடும். அந்த இரண்டு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையாலும், நூற்று எண்பத்தொன்பது பேராக இருந்து முடித்தார். விரல் வீங்கிவிட்டது. மகளுக்கு என்பதால் ‘இசை அதிகம்’ என்கிற முணுமுணுப்புகூட ஒன்றும் வைக்கவில்லை. அத்தனை பேருக்கும் அத்தனையும் பிடித்திருந்தது.

தேர்வு நாளன்று வந்த வெளித் தேர்வாளர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு பெரிய தொலைக்காட்சியில் பார்வையாளர் ஆய்வுப் பிரிவுக்கே தலைவர். நாட்டு மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும் என்று துறைத் தலைவர் அறிமுகப்படுத்தினார். இதே துறையின் பழைய மாணவர் என்றும் பெருமையோடு சேர்த்துக்கொண்டார். தேர்வாளருக்கு நான்கு மணிக்கு ரயில். அதனால் படத்துக்கு இரண்டு நிமிடம் என்று முடிவாயிற்று. புரொஜெக்டரை இயக்க ஆடியன்ஸ் அண்ணன் பின்னால் நின்றார்.

படங்கள் தொடங்கிய வேகத்தில் நின்றன. தேர்வாளர் கோப்புகளைத்தான் ரசித்தார். இருநூற்றுப் பத்து, இருநூற்று நாற்பது, முந்நூறு என்று எடை ஏற ஏற அவர் முகம் மலர்ந்தது. இருபத்தேழு, இருபத்தெட்டு என்று மதிப்பெண் விழுந்தது. கடைசியாக மகளின் முறை. பெயர் போடுகிற இரண்டு நிமிடம் ஓடி, படம் நின்றது. தேர்வாளர் கோப்பைப் பிரித்தார்.

“இருநூறு பேர். நல்ல பரவலான பிரதிநிதித்துவம். விவசாயி, வங்கி மேலாளர், இல்லத்தரசி... எல்லாத் தரப்பும் இருக்கு.”

“சார், பதினொண்ணுதான் சார் என்னோடது” என்றாள் மகள்.

மற்ற மாணவர்கள் அவளைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். துறைத் தலைவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“அப்ப மீதி?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால் மகளுக்குத் திருட்டுப் பட்டம்.

“நான்தான் சார் வெச்சேன். அவளுக்குத் தெரியாது” என்றார்.

தேர்வாளர் எழுந்து பின்னால் வந்தார். கையில் இடது கையால் எழுதிய ஓர் இல்லத்தரசி இருந்தாள். அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புரொஜெக்டரின் இரைச்சலுக்குள் குரலைத் தணித்துக் கேட்டார்.

“அண்ணே... எனக்கு எத்தனை பேர் போட்டீங்க?”

“உங்களுக்குப் பத்தே பத்து சார். முதல் பத்து பேரே உங்களுக்குத்தான்.”

நாட்டு மக்களின் விருப்பத்தை விரல் நுனியில் வைத்திருந்தவர் அந்த விரலால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். நூற்று எண்பத்தொன்பது படிவங்களை ஏதோ அலுவலகத் தவறால் கலந்துவிட்டவை என்று எடுத்து ஓரமாக வைத்தார். மற்றக் கோப்புகளை மறந்தும் தொடவில்லை. மகளுக்குப் பதினைந்து போட்டார். அதற்குமேல் போட்டால் மற்றவர்களுக்கு ஏன் இருபத்தெட்டு என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? ‘பார்வையாளர் வட்டம் மிகக் குறுகியது, உண்மையான மக்களைச் சென்றடைய முயற்சி தேவை’ என்று குறிப்பும் எழுதினார். கை நடுங்காமல் எழுதினார் என்பதுதான் விசேஷம். நான்கு மணி ரயிலையும் பிடித்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு கேமரா அறையில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

“அப்பா, ஒண்ணு கேக்கணும். நூத்தி எண்பத்தொன்பது பேரா எழுதினீங்களே, நீங்க படத்தைப் பாத்தீங்களா?”

அவர் சாவிக்கொத்தை ஒரு தடவை எண்ணினார்.

“ரொம்ப நல்லா எடுத்திருக்கேன்னு எல்லாரும்...” என்று தொடங்கி, எந்த எல்லாரும் என்று அவருக்கே வெட்கமாகி நிறுத்திக்கொண்டார்.

அவள் தன் மடிக்கணினியை அவர் மேசையில் வைத்து, படத்தை ஓடவிட்டு, ஒரு வெற்றுப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள். மூடியில் சிவப்பு ஸ்டிக்கர் இன்னும் இருந்தது.

பதினெட்டு நிமிடப் படம். அவர் முழுதாகப் பார்த்த முதல் மாணவர் படம். நீண்ட மேசை, மேலே குழல்விளக்குகள், விரிந்து மடியும் சட்டைகள். நடுவில் மனைவி. வீட்டில் பார்க்காத வேகத்தில் அவள் கை ஓடியது. எதிரில் இருந்தவள் ஏதோ கேட்டாள். மனைவி சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரரா? தங்கமான மனுஷன். என்ன வெச்சாலும் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிடுவார். ஒரே சங்கடம், தட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவார்!”

மேசையே அதிர்ந்தது. பதினொரு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, அடுத்த சட்டையை எடுக்கும் முன், அவள் முகம் ஒரு விநாடி சும்மா இருந்தது. மகள் அந்த விநாடியையும் வெட்டாமல் வைத்திருந்தாள்.

அவர் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு மீதியையும் பார்த்தார். பிறகு பேனாவை வலது கையில் எடுத்தார். தொழில் என்ற இடத்தில் பழக்கத்தில் ‘விவசாயி’ என்று எழுதப் போய், நிறுத்தி, ‘கேமரா அறை’ என்று எழுதினார். வயது என்ற இடத்தில் தன் வயதை எழுதினார். பார்வையாளர்கள் சரியாகக் காட்டப்பட்டிருக்கிறார்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறியிட்டார். பிற கருத்துகள் என்ற இடத்துக்கு வந்தபோது வெகுநேரம் யோசித்தார். கடைசியில் எழுதினார்:

‘ஆரம்பத்தில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. நடுவில் ஓர் இடத்தில் பார்வையாளருக்கு அவமானமாக இருந்தது. அந்த இடத்தை வெட்ட வேண்டாம்.’