சுவரில் ஏறிய சிவப்புக் கோடு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அது இறங்கி அக்கா படுக்கும் காம்பராவின் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சுவரோரம்தான் பச்சைக் குழந்தையின் தொட்டில். வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது புலம்பாத ஆள் கிடையாது.

லயத்தார் சம்மதித்தால் மேட்டில் இடம் தருவதாகத் தோட்ட நிர்வாகம் சொன்னது. அந்தச் சம்மதத்தைக் கேட்கக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய காலம், எதற்கும் மெஷின்தான். கை தூக்கச் சொன்னால் தொழிற்சங்கத் தலைவரைப் பார்த்துத்தான் தூக்குவோமாம். அதனால் வீட்டுக்கு ஒரு பட்டன் பெட்டி. பச்சை என்றால் போகிறோம், சிவப்பு என்றால் இங்கேயே இருக்கிறோம். யார் எதை அமுக்கினார்கள் என்று தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில்தான் கூட்டம்; மொத்தம் மட்டும் அதன் சுவரில் வெளிச்சக் கோடாக உயரும்.

அந்த நிறுவனத்தின் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ, இப்பிடித்தான் அமத்த வேணும்."

அவர் விரல் பட்டது சிவப்பில்; அது என் கண்ணில் மட்டும்தான் பட்டது. சுவரில் சிவப்புக் கோடு முளைத்தது. அதை அழிக்காமலே, "சரி, இனி நீங்கள்" என்றார்.

ஸ்ட்ரைக் எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: பிரிந்து போகிறவன் கருங்காலி. யாரோ நம்மாள் முதலில் அமுக்கிவிட்டான் என்று நினைத்துச் சிவப்பின் பின்னால் போனார்கள். கோடு ஏற ஏற இன்னும் வேகமாக அமுக்கினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"ஐயா, மொத சிவப்பு நீங்க அமுக்குனதுங்க! அழிச்சிட்டு மறுபடி கேளுங்க!"

"தம்பி, சனத்தைக் குழப்பாதையும். ஒரு வாக்கு கூடினா என்ன?"

பச்சை ஒன்றுகூட விழவில்லை. இப்படி ஒருமித்த கருத்தை எங்கேயும் கண்டதில்லை என்று அவர் பூரித்துப்போனார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நிறுவனத்து ஆட்கள் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவிகள், ஐந்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?

பிறகுதான் எங்கள் வீட்டுப் பெட்டியின் நினைவு வந்தது. எல்லாரும் அமுக்கும்போது அது அக்காவின் கையில்தான் இருந்தது.

"நீ எத அமுக்குன?"

"எல்லாரும் செவப்புல இருக்கையில நா மட்டும் எப்படிடா பச்சய அமுக்குறது?"

குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் தொட்டிலை அவிழ்த்தோம். அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.