தைலமரப் புகையில் வந்த ரயில்

இன்று காலை உத்திரமேரூர் ஏரிக்கரை டீக்கடையில் ஈரமான தைலமரக் குச்சிகளை அடுப்பில் வைத்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நான் சின்ன வயதில் போன குன்னூர் மலைப்பாதையில் இருந்தேன். ஐப்பசித் தூறல், எங்கள் வேன் நின்ற வளைவுக்குக் கீழே வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன ரயில் நிலையம், தண்டவாளங்களின் நடுவே ஓடும் பல் பல்லான இரும்புப் பட்டையில் மழைநீர் வழிய, எங்கே போனாலும் கூடவே வரும் எங்கள் கழனி அரிசியை உலையில் போட்டுவிட்டு, புகை கக்கிக்கொண்டு மேலேறி வரும் ரயிலைப் பார்த்துத் துண்டை வீசிச் சிரிக்கிறார் நைனா.

அந்த நிலையம் பிறகொரு மழையில் மண்சரிவோடு போய்விட்டது. நைனாவும் இல்லை. அவர் சிரித்து எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு முறைதான்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"இன்னாடா ரயிலு? மண்ணு சரிஞ்சி அன்னிக்கி ரயிலே ஓடல. அதனாலதான் லைனு பக்கத்துலயே அடுப்பு மூட்டனோம். நீ சொல்றது நம்ம அடுப்புப் பொக."

"நைனா துண்ட வீசினாரே?"

"ஈர வெறகு எரியல, விசிறிக்கினு இருந்தாரு. மலைல சோறு சீக்கிரம் வேகாதுன்னு நமக்கு இன்னா தெரியும்? நம்ம கழனி அரிசி எப்டி வேகாம பூடும்னு ஒரே பேஜார் அவருக்கு. சிரிக்கவே இல்லடா."

ரயிலை விட்டுவிடுகிறேன், அதன் ஊதல் சத்தத்தையும்கூட. ஆனால் மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத அந்தச் சிரிப்பை நான் எங்கே பார்த்தேன்?