வெடிப்பின்மேல் ஒட்டிய காகிதம்

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எதையும் நம்பாத மனிதர் என் பெரியப்பா. ரேடியோவில் மழை என்று சொன்னால், கொழுந்துக்குப் போகிற அம்மாவிடம், நனையாமல் கட்டிக்கொள்ளும் படங்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வார். அப்படிப்பட்டவரும் வெள்ளிக்கிழமை மாலை மாரியம்மன் கோயிலில் சாமிக்கு அருள் வந்துவிட்டால் கைகட்டி நின்றுவிடுவார்.

சாமி என்று நாங்கள் அழைத்தவர் முன்பு மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். ஒரு திருவிழாவில் அருள் வந்தது. அதற்குப் பிறகு மண்வெட்டியைத் தொடவில்லை; வெள்ளிதோறும் வாக்குச் சொன்னார். பாதித் தோட்டம் அவர் காலில் விழுந்தது. மீதிப் பாதி, உழைக்காமல் தேங்காய் தின்கிற ஆள் என்று ஏசியது. பெரியப்பா வாரம் முழுவதும் இரண்டாவது பாதியிலும், வெள்ளிக்கிழமை மட்டும் முதல் பாதியிலும் இருந்தார்.

எனக்கு ஒன்பது வயது. விடாத அடைமழை. மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குப் பின்னால், மண்மேட்டைத் தாங்கும் சுவரில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்த மாதா கோயில் பாதர், அது விரிகிறதா என்று பார்க்க அதன்மேல் கோதுமை மாப் பசையால் ஒரு பத்திரிகைத் துண்டை ஒட்டினார். மறுநாள் அது நடுவில் கிழிந்திருந்தது. வேறொன்றை ஒட்டினார். அதுவும் கிழிந்தது. மூன்றாம் நாள் சாமியையும் கூட்டி வந்தார். பசைச் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

“ரெண்டு தடவ ஆபீஸ்ல சொல்லிட்டேன் சாமி. பாக்குறோம் பாக்குறோம்ங்கிறாங்க. லயத்துல சொன்னா, எங்கள எங்க போகச் சொல்றீங்கன்னு சிரிக்கிறாங்க.”

“நான் சொன்னா மட்டும் எந்திரிச்சுப் போயிருவாங்களாக்கும்?”

“நீங்க சொன்னா போக மாட்டாங்க. ஆத்தா சொன்னா போவாங்க.”

சாமி கிழிந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது தப்புங்க பாதர்.”

“தப்புதான். பாவம் என் மேல இருக்கட்டும்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதருக்கே எங்கள் ஆத்தாள்மேல் நம்பிக்கை என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாமி ஆடிய ஆட்டத்தில் உடுக்கைக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். “மண்ணு வருதுடா! மேட்டு லயத்த விட்டு எறங்குங்கடா!” எல்லோருக்கும் முன்னால் பாயைச் சுருட்டியவர் பெரியப்பா. இருட்டுவதற்குள் லயமே மாதா கோயில் மண்டபத்துக்கு இறங்கிவிட்டது. பாதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சன்னல்களில் பாதிக்குக் கண்ணாடி இல்லை. சிமெந்துத் தரையில் ஈரம் ஊறியது. சித்தியின் நாற்பது நாள் பிள்ளைக்கு இரண்டாம் நாள் சளி கட்டியது. நாலாம் நாள் விடியும்போது ஆட்டோவில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே எங்கோ ஒரு வளைவில் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை சித்தி அதை யாரிடமும் சொல்லாமல், துண்டை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தாளாம்.

அன்று பகலில் நன்றாக வெயில் அடித்தது. மண்மேடு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து மாரியம்மன் கோயில் முற்றத்தில் கூடினார்கள். முதலில் எழுந்தது பெரியப்பாதான்.

“ஆத்தாளா சொன்னா? அவ சொல்லியிருந்தா வந்திருக்கணுமே! எங்கடா மண்ணு?”

பொழுது சாய்வதற்குள் சாமி தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதர் படியேறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனுக்கு நேரே நின்றார்.

“அவரப் போகச் சொல்லாதீங்க. வெடிப்ப நானே கண்ணால பாத்தேன். இன்னைக்கி வராத மண்ணு நாளைக்கி வரலாம். அவரு உங்க உசுரக் காப்பாத்தத்தான் பாத்தாரு. மண்டபத்தத் தொறந்து விட்டவன் நான். கேக்கணும்னா என்னையக் கேளுங்க.”

“உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியாதுங்களா பாதர்?” என்றார் பெரியப்பா. “இவன் போட்ட கூத்துக்கு நீங்க ஏன் தலையக் குடுக்குறீங்க?”

“வேத்து மதத்துக்காரருக்கே எவ்வளவு எரக்கம் பாரு. இவனும் இருக்கானே, கல்லு மாதிரி!” என்றாள் ஒருத்தி.

பாதர் பேசப் பேச அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. சாமியின் மீது ஆத்திரமும் கூடவே ஏறியது. ஆத்தாளை வாக்குச் சொல்லக் கேட்டது தான்தான் என்று பாதர் இப்போது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். சொல்ல வாயெடுத்தார். அப்போது அவர் கண் சித்தியின்மேல் விழுந்தது. தூணோரம் உட்கார்ந்து, வெறும் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பாதரின் வாய் மூடிக்கொண்டது.

“போதுங்க பாதர்,” என்றார் சாமி. அதட்டலாக அல்ல, ஆறுதல் சொல்வதைப்போல.

ஒரு பையோடு லயத்துக்குப் பின்னால் இருந்த குறுக்குவழியில் போனார். நான் பின்னால் ஓடினேன். சுவரருகே நின்று, தொங்கிக்கொண்டிருந்த காகிதத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். “ஒட்டிக்கிட்டே இரு தம்பி. கிழிஞ்சா பாதர்கிட்ட சொல்லு.”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். இப்போது ஹட்டனில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் வாடகை வீட்டுக்கு வந்துவிடும்படி அம்மாவைக் கூப்பிடுகிறேன். “ஒரு தடவ எறங்கிப் பாத்தோமே, போதாதா?” என்கிறாள். மேட்டு லயத்தில் எல்லோருக்கும் இதுதான் பதில். வெடிப்பில் இன்று என் கையே நுழைகிறது.

சாமி போன அடுத்த வாரம் நான் ஒட்டிய காகிதம் கிழிந்தது. துண்டை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்கு ஓடினேன். பாதர் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இனி யார்கிட்டப்பா சொல்றது?”

என்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

“ஆத்தாகிட்ட சொல்லுங்க பாதர். ஆத்தா சொன்னா போவாங்க.”

அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சரியான பதிலைத்தானே சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு, அவர் கையை எடுக்கட்டும் என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.