மாடம்மாள் சொன்ன ஊர்

மாடம்மாள் 1934ஆம் ஆண்டு மலையாள நாட்டுப் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் கொழுந்து கிள்ளத் தொடங்கினார். நாற்பது வயதுவரை அடிவாரத்து வித்துரா சந்தையைத் தாண்டியதில்லை.

1974இல் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையினர், தோட்டத் தமிழரின் பண்பாட்டை ஆராய வினாப்படிவங்களுடன் லயத்துக்கு வந்தனர். எந்த ஊர் என்று வினவினர். குலதெய்வக் கோயில் உள்ள இடத்தையே தம் ஊராகச் சொல்வது அம்மக்களின் வழக்கம். மாடம்மாளும் தாம் ஒருமுறையேனும் கண்டிராத திருநெல்வேலிச் சிற்றூர் ஒன்றைச் சொன்னார். ஆய்வை நடத்திய பேராசிரியர் கல்யாணராமன், அதைப் ‘பிறந்த இடம்’ என்னும் கட்டத்தில் எழுதினார். நூற்றுப்பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அப்படியே. அட்டவணையைத் தட்டச்சு செய்தவன் நான். எனக்கு ஐயம் எழுந்தது, வாய் திறக்கவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து, மகள் முத்தாரம்மாளைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்ப இருப்பிடச் சான்றிதழ் தேவைப்பட்டது. கிராம அலுவலர் அச்சான ஆய்வு நூலைக் காட்டி, குடும்பமே வெளிமாநிலம் என்று மறுத்துவிட்டார்.

மாடம்மாள் பேருந்தேறி, நகரத்தில் எங்கள் துறைக்கே வந்தார். நூலைத் திருத்தித் தருமாறு கேட்டார்.

கல்யாணராமன் தலை நிமிரவில்லை. “நீ சொன்னதைத்தானே எழுதினோம்? அச்சாயிடுத்து. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லை.”

“சாருக்கு எந்த ஊரு?”

“தஞ்சாவூர் பக்கம்.”

“அங்கயா பொறந்தது?”

“இங்கதான், இந்தப் பட்டணத்துலயே. கோட்டைக்குள்ள.”

“அப்போ ஒங்க புள்ளைகளுக்கு மட்டும் சர்ட்டிபிக்கேட்டு எப்படி கிட்டும், சாரே? எங்க சாமி இருக்க எடத்தச் சொன்னேன். என்னெப் பெத்த எடத்த நீங்க கேக்கவே இல்ல.”

தவறு நேர்ந்ததென ஒரு கடிதம் போதும். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பதிவாளரின் அனுமதி வேண்டும் என்றார் கல்யாணராமன். அந்நூலை எழுதுவதற்கு முன் லயத்து மக்கள் எவரிடமும் அவர் அனுமதி கேட்டதில்லை.

அனுமதி பதினோரு நாள் கழித்து வந்தது. விண்ணப்பத்துக்குரிய கடைசி நாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. மறுமாதம் முத்தாரம்மாள் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தாயின் வரிசையிலேயே நின்றாள்.

அந்நூல் பின்னர் இரண்டாம் பதிப்பும் கண்டது. அட்டவணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.