மூன்று தட்டு

இது நடந்தது. பயந்து பார்க்கும் ஆசையில் படிக்கிறவர்கள் படிக்கலாம். எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. கோபம்தான் ஆறவில்லை.

நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையில் கழிவுநீர்ப் பிரிவு எங்களுடையது. வாயுவைக் கழுவிய நீர், பால் விடாத காப்பி நிறத்தில், தாரும் ஃபீனாலும் அம்மோனியாவுமாக ஒரு மூடிய குழிக்கு வரும். தார் படிந்த பிறகு, ஃபீனாலைத் தின்னும் கிருமிகள் வளரும் தொட்டிக்குப் போகும். அந்தக் கிருமிகளை என் மனைவி 'நம்ம புள்ளைங்க' என்பாள். எங்களுக்கு வேறு பிள்ளைகள் இல்லை.

தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரத்தின் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் குழிக்குள் இறங்குகிறவர், வால்வு அறைவரை போகும் இரும்புக் குழாயை மூன்று முறை தட்ட வேண்டும். ஆள் உள்ளே இருக்கிறது, குழிக்கு நீர் விடும் வால்வைத் திறக்காதே என்று அர்த்தம்.

கழிவுநீர் மாதிரி எடுக்க இறங்கிய என் மனைவிமேல் வால்வு திறக்கப்பட்டது. திறந்தவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. சாவு வீட்டில் அவர்தான் அதிகமாக அழுதார்.

"தட்டியிருந்தா என் காதுல விழாமயா போகும், மாப்ளே? அவளுக்கு எப்பவுமே அவசரம்."

கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். யாருக்கு? ஆளில்லாத குளியலறைக் கதவையும் தட்டிவிட்டு நுழைகிறவளுக்கா?

அதன்பிறகு குழியில் யாரும் இறங்கவில்லை. மூடிக்குப் பூட்டு போட்டாயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை. ஆறு நாற்பது. மின்சாரம் போனது. இயந்திரம் நின்றது. வால்வு அறையில் நானும் அவரும் மட்டும். அந்த இடம் அவ்வளவு அமைதியாகி நான் பார்த்ததில்லை.

முதலில் வாடை... ஃபீனால். அவள் தலைமுடியை விட்டுப் போகாத வாடை.

"குழியை யாராவது திறந்தாங்களா, மாமா?"

"சாவி என்கிட்டல்ல இருக்கு."

டக்.

சுவரிலிருந்து வந்தது.

டக்... டக்.

அவர் கை வால்வுச் சக்கரத்திலிருந்து நழுவியது. வாய் தானாகப் பேசியது.

"அன்னிக்கு மாதிரியே தட்டுறாளே..."

நான் திரும்பினேன்.

"அன்னிக்குத் தட்டினாளா?"

அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"கேட்டுட்டுத்தான் திறந்தீங்களா?"

"தண்ணி ஏறுது, திறன்னு மேலேருந்து போன்ல கத்தினாங்க, மாப்ளே... ஒரு நிமிஷம்தானேன்னு..."

டக். டக். டக்.

அவர் ஓடினார்.

நான் ஓடவில்லை. இருட்டில் தடவி, சுவரோரக் குழாயில் காதை வைத்தேன். இரும்பு சூடாக இருந்தது.

மின்சாரம் வந்தது. இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது.

மறுநாள் ஃபிட்டரைக் கூப்பிட்டு, அந்தக் குழாயைக் கழற்றித் தரச் சொன்னேன். அவர் விழித்தார்.

"எந்தக் குழாய் சார்? அக்கா போன மறுநாளே அறுத்தாச்சே. சுவத்துல சாண் நீளத் துண்டுதான் மிச்சம். அதையும் சிமென்ட் வச்சு அடைச்சுட்டோம்."

"யார் அறுக்கச் சொன்னது?"

"உங்க மாமாதான் சார். சத்தம் நிக்கவே மாட்டேங்குதுன்னார்."