ஒரே பெட்டி ஆப்பிள்

சிதம்பரம் கீழ வீதியில் எனக்கு ஒரு பழக்கடை. எதிரே கடை போட்டிருப்பவன் காடாம்புலியூர்க்காரன். சொந்த நிலத்துப் பலாவோடு மற்ற பழங்களும் விற்பான். தொழிலில் போட்டிதான், ஆனால் ஆப்பிளில் மட்டும் கூட்டு. முழுப் பெட்டி ஒரு கடைக்கு ஜாஸ்தி, அழுகிவிடும். அதனால் கடலூர் மண்டியில் ஒரே பெட்டியாக எடுத்துவந்து பாதிப்பாதி பிரித்துக்கொள்வோம். நான் முஸ்லிம், அவன் இந்து. இத்தனை வருஷத்தில் இதைச் சொல்லும்படி நேர்ந்தது அந்த ஒரு கோடையில்தான்.

எல்லையில் சண்டை மூண்டிருந்தது. துருக்கி பாகிஸ்தான் பக்கம் பேசியதால் துருக்கி ஆப்பிளை வாங்காதீர்கள் என்று டிவியில் கத்தினார்கள். நாடுகள் முறைத்துக்கொண்டால் ஆப்பிள் என்ன பாவம் செய்தது என்று வீட்டில் எரிந்து விழுந்தேன். எங்களுடையது காஷ்மீர்ப் பெட்டி. ஆனாலும் பயம் யாரை விட்டது? ஸ்டிக்கரில் இருக்கும் இங்கிலீஷைப் பார்த்து எவனாவது வெளிநாட்டுச் சரக்கு என்று கிளப்பிவிடுவானோ என்று, காலையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். புத்திசாலித்தனம்!

"என்ன பாய், ஸ்டிக்கரு எங்க? துருக்கி சரக்கா?"

கேட்டவர் வாராவாரம் என்னிடம் வாங்குகிறவர். காஷ்மீர் என்றேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார். அதே பெட்டியின் மறுபாதி எதிர்க்கடையில் விற்றுக்கொண்டிருந்தது. அங்கே யாரும் எந்த ஊர்ப் பழம் என்று கேட்கவில்லை. டெல்லி யாரோடு சேரும், யாரோடு முறைக்கும் என்பதெல்லாம் எனக்கு எட்டாத விஷயம். அதற்கு என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். அந்தப் படம் ஊரைச் சுற்றினால் அப்பா வைத்த கடை இன்றோடு போச்சு என்று நினைத்தேன்.

எதிர்க்கடையிலிருந்து அவன் தன் பங்குப் பழத்தைக் கூடையோடு தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டிக்கர்களைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"மச்சான், உன் பழத்து ஸ்டிக்கர காட்னா போதுமே, காஷ்மீர்னு போட்டிருக்கு, ஒரே பெட்டின்னு தெரிஞ்சிடும்" என்று முணுமுணுத்தேன்.

"காட்ட மாட்டேன். எங்கிட்ட எவனும் கேக்கல. நீ மட்டும் ஏன் காட்டணும்?"

சுரண்டிய பழங்களை என் குவியலில் கொட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். "இவன் பழம் துருக்கின்னா எம்பழமும் துருக்கிதான். என்னையும் சேத்து படம் எடுங்க."

செல்போன் பைக்குள் போனது. கூட்டம் கலைந்தது. வாடிக்கைக்காரர் அடுத்த வாரமே வந்து, ஊர் கேட்காமல் ஒரு கிலோ வாங்கிப் போனார். நல்ல பழமாகத்தான் பொறுக்கிப் போட்டேன். ஆனால் கூட்டம் கூடிய அன்றைக்கு எங்கள் இருவரிடமும் ஒருவரும் ஆப்பிள் வாங்கவில்லை.

கடை சாத்தும்போது, என்னால் உன் வியாபாரமும் கெட்டதே என்றேன்.

"நான் மட்டும் வித்திருந்தா, நாளைக்கு நீ கடைய தொறப்பியாடா?"

திறந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. இதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.